படம் சொல்வதும் வைத்தியர் சொல்வதும்

குருநகர்க் கடற்கரையில் வலை பொத்தும் முதியவர் ஒருவரை மனக்கண்முன் நிறுத்துவோம். அவருடைய விரல்கள் நூலின் போக்கை மறக்கவில்லை. ஆயினும் காலையில் வந்த பேரனின் பெயர் நாவில் எழவில்லை. சந்தைக்குப் போனவர் போன காரியத்தை மறந்து வெறுங்கையோடு திரும்பினார். வீட்டாரை அச்சம் பிடித்துக்கொள்கின்றது. மூளையைப் படம் பிடித்தும் ஆயிற்று. வைத்தியர் மகனை மட்டும் உள்ளே அழைக்கின்றார். அப்பு வெளியே வாங்கில் காத்திருக்கின்றார். உள்ளே நடப்பது யாருடைய மூளையைப் பற்றிய பேச்சு?

நம் குடும்பங்கள் பலவற்றில் நிகழக்கூடிய காட்சி இது. ஆதலின் இத்தகைய படம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை நாம் அறிந்திருத்தல் நலம்.

உயிருள்ள மனிதரின் மூளையைக் குறுக்குவெட்டாகக் காட்டும் சீ.ரி. ஸ்கான் முதன்முதலாக 1971இல் இலண்டனில் ஒரு நோயாளிக்கு எடுக்கப்பட்டது. அதனை ஆக்கிய ஹவுன்ஸ்பீல்ட் 1979இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பின்னர் எம்.ஆர்.ஐ. வந்தது. விழுந்து அடிபட்டதனால் உறைந்த இரத்தம், கட்டி, பாரிசவாதத்தின் தழும்பு, மூளையில் தேங்கிய நீர் ஆகியவற்றை இவை காட்டுகின்றன. இவற்றுட் சில சிகிச்சையால் மாறக்கூடியவை. தைரொயிட் குறைவு, விற்றமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகளின் விளைவு ஆகியவையும் மறதியைத் தரும். அவற்றை அறிய வேறு பரிசோதனைகளும் நிதானமான விசாரணையும் வேண்டும்.

‘மூளை சுருங்கியிருக்கின்றது’ என்ற ஒரு வாக்கியம் ஒரு வீட்டையே கலக்கிவிடும். தலை நரைப்பது போல, வயது செல்லச்செல்ல எல்லோருடைய மூளையும் ஓரளவு சுருங்கவே செய்யும். அச்சுருக்கம் வயதுக்கு ஏற்றதா, அதனினும் மிகுந்ததா என்பதைச் சேர்த்துச் சொன்னாலன்றி அவ்வாக்கியம் முற்றுப்பெறாது.

அல்சைமர் என்னும் ஜேர்மனிய வைத்தியர், மறதியால் நலிந்து இறந்த பெண்மணி ஒருவரின் மூளையை ஆராய்ந்து, அதிற் கண்ட படிவுகளை 1906இல் விவரித்தார். நெடுங்காலம் வரை அமிலோயிட் எனப்படும் அப்படிவுகளை மரணத்தின் பின்னரே காண முடிந்தது. உயிரோடிருப்பவரிடத்து அவற்றைப் பெற் ஸ்கான் மூலம் கண்ட செய்தி 2004இல் வெளியாயிற்று. ஆனால் படிவு உண்டென்றால் நோய் உண்டென்பது பொருளன்று. 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, ஞாபகக் குறைவில்லாத மக்களிடையேயும் 50 வயதில் நூற்றுக்குப் பத்துப் பேரிடமும், 90 வயதில் நாற்பத்து நான்கு பேரிடமும் அப்படிவு காணப்பட்டது. படம் ஓர் அபாயத்தைக் குறிக்கலாம். ஒருவரின் நாளையைக் கணித்துச் சொல்ல அதனால் இயலாது.

‘உண்மையைச் சொன்னால் அவர் உடைந்துபோவார்’ என்பது பிள்ளைகளின் அச்சம். இதற்கு அண்மித்த ஒரு விடயத்தில், அல்சைமர் நோயாளரின் பிள்ளைகளுக்கு மரபணுச் சோதனையின் முடிவைக் கூறிப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2009இல் வெளியாயிற்று. முடிவை அறிந்தோரிடம், அறியாதோரைவிடக் குறிப்பிடத்தக்க அளவு கூடுதலான கலக்கமோ சோர்வோ காணப்படவில்லை. அவர்கள் தாமே அறிய விரும்பியவர்கள், முன்கூட்டியே விளக்கம் பெற்றவர்கள் என்பதை மறத்தலாகாது. பாடமும் அதுவே: முதலிற் கேட்க வேண்டும், பின்னர் சொல்ல வேண்டும்.

படம் எடுப்பதற்கு முன்னரே, ‘முடிவை அறிய விரும்புகின்றீர்களா? யார் உடனிருக்க வேண்டும்?’ என்று முதியவரையே வினவுதல் முறை. முடிவை எளிய தமிழில் சொல்லி, அவர் விளங்கிக்கொண்டதை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லக் கேட்க வேண்டும். அடுத்து என்ன செய்வது என்பதை எழுதிக் கொடுப்பது பேருதவியாகும். 1847இல் இலங்கைக்கு வந்து மானிப்பாயிற் பணியாற்றிய வைத்தியர் கிறீன், மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, நூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். அவர் வழிகாட்டிய மண்ணில், ஆங்கில அறிக்கையின் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் இரவெல்லாம் விழித்திருக்க வேண்டுமா?

நம்பிக்கையோடு சொல்வதற்கும் விடயம் உண்டு. காது மந்தம், பார்வைக் குறைவு, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைத்தல், தனிமை முதலிய பதினான்கு காரணிகளைக் கவனித்தால், உலகில் ஏற்படும் ஞாபகமறதி நோய்களில் ஏறத்தாழ 45 வீதத்தைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ கூடும் என 2024இல் லான்செற் ஆணைக்குழு மதிப்பிட்டது.

ஆகவே பிள்ளைகளே, அடுத்த முறை வைத்தியர் உங்களை மட்டும் அழைத்தால், ஒரு கணம் நில்லுங்கள். வெளியே திரும்பி, ‘அப்பு, நீங்களும் உள்ளே வாருங்கள்’ என்று கைபிடித்து அழையுங்கள். பேரனின் பெயர் மறந்துபோனாலும், தம்மைப் பற்றிய பேச்சில் தமக்கும் இடமிருந்தது என்ற நிறைவு அவர் மனத்தில் நிற்கும்.