உறைபனியை வென்ற மலைச்செடிகள்



நம்ம மட்டாஞ்சேரிக் கடைத்தெருவுக்கு வரும் சரக்கே ஒரு பாடம் சொல்லும். மிளகு தாழ்ந்த மலைச்சரிவில் விளைவது. ஏலம் அதற்கு மேலே, காட்டு நிழலில் விளைவது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும். உறைபனி விழுகிற இடத்தில் மிளகுக்கொடி பிழைக்காது. ஆனால் மூணாறுக்கு மேலே, 2,695 மீட்டர் உயர ஆனைமுடியைச் சுற்றியுள்ள இரவிகுளத்தில், மார்கழி, தை மாதங்களில் புல்லெல்லாம் வெள்ளையாகிவிடும். அங்கே செடிகள் எப்படி வாழ்கின்றன?

முதலில், குளிர் செடியை எப்படிக் கொல்கிறது? செடியின் உயிரணுவுக்குள் நீர் உறைந்தால், அந்தப் பனிக்கட்டி அணுவைக் கிழித்துவிடும். குளிர் தாங்கும் செடி, அணுக்களுக்கு வெளியே உள்ள இடைவெளியில் நீரை உறைய விடும். உள்ளே சர்க்கரைச் சத்தைக் கூட்டிக்கொள்ளும். பச்சைத் தண்ணீர் உறைகிற குளிரில் சர்க்கரைப்பாகு உறையாதல்லவா, அதே கணக்குதான்.

புல்லின் குருத்து மண்ணை ஒட்டி இருப்பதால், தாள் கருகினாலும் அடி மறுபடி துளிர்க்கும். சோலை மரங்கள் நெருங்கி நின்று, தரையின் சூடு இரவில் வானத்துக்குப் போய்விடாமல் கூரை போல் காக்கும். அவற்றின் கன்று திறந்த புல்வெளியில் முளைத்தால் பனியில் கருகிப்போகும். சோலையும் புல்வெளியும் தனித்தனியே நிற்க இதுவும் ஒரு காரணம். புல்வெளி நடுவே துணிந்து நிற்பது செம்பூப் பூக்கும் காட்டுப்பூவரசு. தடித்த பட்டையும் தோல் போன்ற இலையும் அதற்குக் கவசம்.

இதெல்லாம் செடி யோசித்துச் செய்ததல்ல. குளிரைத் தாங்கியவை விதை விட்டன, தாங்காதவை மறைந்தன. எண்ணற்ற தலைமுறைகளில் சேர்ந்த முதல் இது. இதே காட்டுப்பூவரசு இமயத்திலும் உண்டு, இலங்கை மலைகளிலும் உண்டு. நடுவிலுள்ள வெப்பச் சமவெளியில் கிடையாது. உலகம் குளிர்ந்திருந்த பனியுகங்களில் பரவி, வெப்பம் ஏறியபின் மலையுச்சிகளில் ஒதுங்கியது என்று அறிஞர் விளக்குவர்.

குறிஞ்சித் திணைக்குக் கூதிரையும் முன்பனியையும் உரிய காலமாகத் தொல்காப்பியர் வகுத்தார். அந்தக் குளிர்தான் இந்நிலத்தின் காவல். இன்று அந்தக் காவல் தளர்கிறது. வெப்பம் கூடினால் சமவெளிச் செடி மலையேறலாம். உச்சியில் நிற்பது எங்கே ஏறும்? போதாததற்கு, 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த சீகை மரம் (வாட்டில்) பனியையும் தாங்கிப் புல்வெளியை விழுங்கிவருகிறது. புல்வெளியைத் தரிசு என்று எண்ணி நட்ட மரம்தான் அது.

மரம் நடுவது புண்ணியம் என்றே நாம் வளர்ந்தோம். ஆனால் புல்லும் ஓரறிவு உயிர்தானே? 2018-இல் பூத்த நீலக்குறிஞ்சி 2030-இல் மறுபடி பூக்க வேண்டும் என்றால், அந்தப் புல்வெளியைப் புல்வெளியாகவே விட்டுவைப்பதுதான் அங்கே நாம் செய்யும் புண்ணியம்.