கிண்ணத்தைக் கவிழ்த்த பிறகும் சுற்றுமா?

ஒரு சின்னக் காகிதத்தை மடித்துப் பிரித்து, ஊசி முனையில் குடைபோல் நிறுத்துகிறார்கள். அதன் இருபுறமும் உள்ளங்கைகளைக் குவித்து, கண் இமைக்காமல் பார்க்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் காகிதம் மெல்லச் சுழல ஆரம்பிக்கிறது. மனத்தால் பொருளை நகர்த்தும் ஆற்றல், அதாவது டெலிகினிசிஸ், எல்லோருக்குள்ளும் தூங்கிக்கொண்டிருக்கிறது, எழுப்பினால் போதும் என்று பின்னணியில் ஒரு குரல் சொல்கிறது. வீடியோவுக்குக் கீழே பயிற்சிக் கட்டணமும் கியூஆர் கோடும்.

இந்த வீடியோவில் கேமரா தந்திரம் எதுவும் தேவையில்லை. காகிதம் நிஜமாகவே சுற்றுகிறது. உங்கள் வீட்டிலும் சுற்றும். உள்ளங்கைச் சூட்டில் சுற்றியுள்ள காற்று லேசாகி மேலெழும்பும்போது, ஊசி முனையில் நிற்கும் காகிதத்தைத் திருப்ப அதுவே போதும். மூச்சுக்காற்று பட்டாலும் திரும்பும். காய்ந்த நாளில் பிளாஸ்டிக் டம்ளரைத் தலைமுடியில் தேய்த்துப் பக்கத்தில் கொண்டுபோனாலும் நகரும். கையே வைக்காமல், அருகில் ஒரு டம்ளர் சூடான காபியை வைத்துவிட்டு எட்ட நின்று பாருங்கள். காகிதம் அசைந்தால், காபிக்கும் ஆழ்மன ஆற்றல் உண்டு என்று ஒப்புக்கொள்ள வேண்டிவரும்.

இதைச் சோதிக்க லேப் வேண்டாம். காகிதச் சக்கரத்தின் மேல் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு, இப்போது சுற்றச் சொல்லுங்கள். கிண்ணத்தில் கை படக்கூடாது. கண்ணாடி சூடேறினால் உள்ளிருக்கும் காற்றும் நகரும். ஆகவே பயிற்சியாளர் ஒரு கை தூரம் தள்ளி உட்காரட்டும். அடுத்து, எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்பதை அவர் முடிவு செய்யக்கூடாது. பூவா தலையா போடுங்கள்: பூ விழுந்தால் இடம், தலை விழுந்தால் வலம். தொடர்ந்து பத்து முறையும் தற்செயலாகச் சரியாக அமைய 1024-ல் ஒரு வாய்ப்புதான். இந்த விதிகளையும், எத்தனை முறை சரியாக வந்தால் வெற்றி என்பதையும், தொடங்கும் முன்பே ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். முடிந்த பிறகு வைக்கும் விதிக்கு மதிப்பில்லை.

“சந்தேகப்படுகிறவர்கள் இருக்கும் இடத்தில் நெகட்டிவ் எனர்ஜி, ஆற்றல் வேலை செய்யாது” என்ற பதில் அநேகமாக வரும். கிண்ணம் வைப்பதற்கு முன்னும் நீங்கள் அதே சந்தேகத்தோடுதானே அங்கே உட்கார்ந்திருந்தீர்கள்? அப்போது எப்படிச் சுற்றியது என்று கேளுங்கள்.

இந்தச் சாக்கு புதிதல்ல. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஜேம்ஸ் ஹைட்ரிக் என்ற இளைஞர் தொடாமலே டெலிபோன் டைரக்டரியின் பக்கங்களைப் புரட்டிக் காட்டிப் புகழ்பெற்றார். அடுத்து வேறொரு நிகழ்ச்சிக்கு வந்தபோது, மேஜிக் நிபுணர் ஜேம்ஸ் ராண்டி டைரக்டரியைச் சுற்றித் தெர்மாகோல் துணுக்குகளைத் தூவினார். மூச்சு பட்டால் முதலில் பறப்பது துணுக்குகள்தான். ஹைட்ரிக் நெடுநேரம் முயன்றார். பக்கமும் புரளவில்லை, துணுக்கும் பறக்கவில்லை. அரங்க விளக்குகளின் சூட்டில் துணுக்குகள் மின்னேற்றம் பெற்றுத் தன் ஆற்றலைத் தடுக்கின்றன என்றார். நடுவர்களாக வந்திருந்தவர்கள் அதை ஏற்கவில்லை. சத்தமில்லாமல் ஊதும் வித்தையைச் சிறையில் இருந்த காலத்தில் பழகியதாக அவரே பிறகு ஒரு பத்திரிகையாளரிடம் ஒப்புக்கொண்டார்.

கரண்டி வளைக்கும் யூரி கெல்லரின் கதையில் வேறொரு பாடம் இருக்கிறது. 1973 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஜானி கார்சனின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அவர் வந்தார். கார்சன் இளமையில் மேஜிக் செய்தவர். ராண்டியின் யோசனைப்படி, கெல்லரோ அவருடைய ஆட்களோ நிகழ்ச்சிக்கு முன் நெருங்க முடியாதபடி, கரண்டி முதலான பொருள்களை நிகழ்ச்சிக்காரர்களே ஏற்பாடு செய்திருந்தார்கள். மேடையில் ஒன்றும் நடக்கவில்லை. இன்று வலு கூடி வரவில்லை என்று சொல்லிச் சமாளித்தார் கெல்லர். வேடிக்கை என்னவென்றால், இந்தத் தோல்வி அவருடைய புகழைக் குறைக்கவில்லை. வெறும் வித்தையாக இருந்தால் தவறியிருக்காதே என்று நம்பிக்கையாளர்கள் வாதாடினார்கள். நடந்தாலும் சாட்சி, நடக்காவிட்டாலும் சாட்சி என்றால் அந்தச் சோதனையால் என்ன பயன்? பொருள் யாருடையது, அதை முன்கூட்டித் தொட்டது யார் என்ற கேள்விகளை இந்த நிகழ்ச்சியிலிருந்து எடுத்துக்கொள்வோம்.

“பெரிய விஞ்ஞானியே பார்த்து வியந்தார்” என்ற வரி பயிற்சி விளம்பரங்களில் தவறாமல் இருக்கும். அதற்குப் பதிலாக நான் சொல்வது செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நடந்தது. விமானத் தொழிலதிபர் ஜேம்ஸ் மெக்டொனல் கொடுத்த 5 லட்சம் டாலர் நன்கொடையில், 1979-ல் அங்கே மனோசக்தி ஆய்வகம் ஒன்று தொடங்கியது. தலைவர் பீட்டர் பிலிப்ஸ், இயற்பியல் பேராசிரியர். எப்படியெல்லாம் ஏமாற்றப்படலாம் என்று பட்டியலிட்டு ராண்டி அவருக்குக் கடிதம் எழுதினார், உதவிக்கு வருவதாகவும் சொன்னார். ஆய்வகம் அவரை அழைக்கவில்லை. தேர்வான இரண்டு பதின்வயதுப் பையன்கள், ஸ்டீவ் ஷாவும் மைக்கேல் எட்வர்ட்ஸும், ராண்டி அனுப்பிவைத்த மேஜிக் பயிற்சியாளர்கள். நேருக்கு நேர் யாராவது “நீங்கள் ஏமாற்றுகிறீர்களா?” என்று கேட்டால் உடனே உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்பது ராண்டி போட்ட நிபந்தனை.

பையன்கள் செய்ததைக் கேட்டால் சிரிப்பு வரும். கரண்டிகளில் நூல் கட்டி அடையாளச் சீட்டு தொங்கவிட்டிருந்தார்கள். இவர்கள் இரண்டு கரண்டிகளின் சீட்டுகளை மாற்றிக் கட்டினார்கள். முன்பே எடுத்துவைத்த அளவுகளோடு ஒப்பிட்டால், இரண்டுமே வளைந்துவிட்டதாகக் கணக்கு வந்தது. பின் அடித்து மூடிய உறைகளில் பின்னைக் கழற்றி, உள்ளே பார்த்துவிட்டு, அதே துளைகளில் திரும்பச் செருகினார்கள். பூட்டிய அறைக்குள் எதையாவது மாற்ற வேண்டுமென்றால், பகலிலேயே ஒரு ஜன்னல் கொக்கியைப் போடாமல் விட்டுவிட்டு இரவில் திரும்பி வந்தார்கள். 1981 வாக்கில் ஆய்வகம் ராண்டியின் யோசனைகளைக் கேட்டுச் சோதனை முறையை இறுக்கியதும் ஆற்றல்கள் வற்றிப்போயின. 1983-ல் ராண்டி பத்திரிகையாளர் கூட்டம் போட்டு எல்லாவற்றையும் வெளிப்படுத்தினார். பிலிப்ஸை முட்டாள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. எலக்ட்ரான் பொய் சொல்லாது, மனிதன் சொல்வான். இயற்பியலாளருக்கு முதல் வகையில்தான் பழக்கம். இந்த மாதிரிச் சோதனையில் மேஜிக் தெரிந்த ஒருவர் கட்டாயம் உடன் இருக்க வேண்டும்.

எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நினைக்கவும் கூடாது. 1853-ல் லண்டனில் மேசை சுற்றும் மோகம் பரவியது. பலர் மேசை மேல் கை வைத்து உட்கார, மேசை தானாக நகர்ந்தது. உட்கார்ந்தவர்கள் கண்ணியமானவர்கள், தாங்கள் தள்ளவில்லை என்று மனதார நம்பினார்கள். விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே இரண்டு பலகைகளுக்கு நடுவே கண்ணாடி உருளைகளை வைத்து, கை பக்கவாட்டில் துளி தள்ளினாலும் காட்டிக்கொடுக்கும்படி ஒரு துரும்பை முள்ளாகப் பொருத்தினார். முள் கண்ணில் படும்படி இருந்தவரை மேசை அசையவே இல்லை. மறைத்தால், முள் சாய்ந்தது: கைதான் தள்ளியது, தள்ளியவருக்கே தெரியாமல்.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1979 முதல் 2007 வரை இயங்கிய ஆய்வகம் ஒன்று, எந்திரம் உதிர்க்கும் தற்செயல் எண்களை மனம் மிகமிகச் சிறிதளவு சாய்க்கிறது என்று அறிவித்தது. அதே ஆய்வகமும் இரண்டு ஜெர்மன் குழுக்களும் சேர்ந்து மறுபடி செய்து 2000-ல் வெளியிட்ட ஆய்வில் எதிர்பார்த்த விளைவு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும், லட்சக்கணக்கான எண்களைக் கூட்டிப் பார்த்தால்தான் தென்படும் அந்தச் சாய்வு ஒரு குண்டூசியைக்கூட நகர்த்தாது. பயிற்சிக்காரர்கள் பிரின்ஸ்டன் பெயரைச் சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

நம் பக்கத்தில் ‘செய்து காட்டுங்கள்’ என்று காசு வைத்துக் கேட்டவர் ஆபிரகாம் கோவூர். கேரளத்தில் பிறந்து, இலங்கையில் தாவரவியல் ஆசிரியராக இருந்தவர். ஏமாற்ற முடியாத சூழலில் அற்புதம் செய்து காட்டுபவருக்கு 1 லட்சம் ரூபாய் என்று 1963-ல் அறிவித்தார். அவர் கொடுத்த பட்டியலில், மனோசக்தியால் திடப்பொருளை நகர்த்துவதோ வளைப்பதோ ஓர் இனம். விளம்பரத்துக்காக மட்டும் வருகிறவர்களைத் தடுக்க முன்பணமும் கட்டச் சொன்னார். 1978-ல் அவர் இறக்கும்வரை பரிசை யாரும் வாங்கவில்லை. ராண்டி 1964-ல் 1,000 டாலரில் தொடங்கி 10 லட்சம் டாலர்வரை உயர்த்திய பரிசுக்கும், 2015-ல் அது நிறுத்தப்படும்வரை, அதே கதிதான்.

பொழுதுபோக்காகப் பார்த்து ரசிப்பதில் நஷ்டமில்லை. பொருளை நகர்த்தும் கை அடுத்து நோயை நகர்த்தக் கிளம்பும்போதுதான் ஆபத்து. அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ஆண்டி காஃப்மன் நுரையீரல் புற்றுநோயோடு 1984-ல் பிலிப்பைன்ஸின் பாகியோ நகருக்குப் போய், கத்தியின்றிக் கையாலேயே கட்டியை எடுப்பதாகச் சொன்ன ‘மனோசக்தி அறுவை’யைச் செய்துகொண்டார். அந்த மே மாதமே இறந்துபோனார், வயது 35. குழந்தைகளைக் கண்ணைக் கட்டிப் படிக்கவைக்கும் ‘மிட்பிரெயின்’ வகுப்புகளில் வேறு சிக்கல். கட்டுக்குக் கீழே மூக்கோரம் தெரியும் இடைவெளியில் பார்க்கப் பழகிய குழந்தை, அதைப் பெற்றோரிடம் சொல்ல முடியாமல் தவிக்கும்.

பணம் கட்டியாகிவிட்டதா? சட்டத்தில் இரண்டு வழிகள் இருக்கின்றன, இரண்டும் ஒன்றல்ல. பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவு மோசடிக்கானது. நேர்மையற்ற நோக்கம் இருந்ததை நிரூபிக்க வேண்டும். ஃபாரடேயின் மேசைக்காரர்கள்போல் பயிற்சியாளரும் தன்னை மனதார நம்பினால் அங்கே வழக்கு தள்ளாடும். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தச் சுமை இல்லை. விளம்பரம் தவறாக வழிநடத்தியது, சொன்ன சேவை கிடைக்கவில்லை என்று காட்டினால் போதும். பயிற்சி மையங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020-லேயே சொல்லியிருக்கிறது. நான் சிபாரிசு செய்வது இந்த வழியைத்தான்.

முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். பல நேரம் அங்கேயே பணம் திரும்பிவிடும். இல்லாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை 5 லட்சம்வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைப்பதும் கட்டாயமில்லை. இணையத்தில் பணம் பறிபோனது அப்பட்டமான மோசடி என்றால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். மந்திரத்தாலோ தாயத்தாலோ நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதே 1954-ம் ஆண்டு மருந்துகள், மாய மருந்துகள் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கு 6 மாதம்வரை சிறை. “விட்டுப்போனால் தெய்வக்குற்றம் வரும்” என்று மிரட்டிக் காரியம் சாதித்தால், நியாய சன்ஹிதாவின் 354-வது பிரிவு இருக்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100.

வாயைத் திறக்கும்போது மட்டும் கவனம். சோவியத் யூனியனில் தீப்பெட்டிகளையும் திசைகாட்டி முள்ளையும் நகர்த்திக் காட்டிய நினா குலாகினா, தன்னை மோசடிக்காரி என்று எழுதிய பத்திரிகை மீது 1987-ல் அவதூறு வழக்குப் போட்டு ஓரளவு ஜெயித்தார். அதனால் அவருக்கு ஆற்றல் இருந்ததாக ஆகிவிடாது. பத்திரிகைக்காரர்களால் சொன்னதை நிரூபிக்க முடியவில்லை, அவ்வளவுதான். நம்மூரிலும் அவதூறு குற்றமே. கூகுளில் விமர்சனம் எழுதினால் “பிராடு” என்று எழுதாதீர்கள். இன்ன தேதியில் இவ்வளவு கட்டினேன், விளம்பரத்தில் இப்படிச் சொன்னார்கள், அது நடக்கவில்லை, பணத்தைக் கேட்டேன், தரவில்லை என்று எழுதுங்கள். விளம்பர வீடியோவை அவர்கள் அழிப்பதற்கு முன் பதிவு செய்துவையுங்கள். ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும் அதோடு இருக்கட்டும். நுகர்வோர் வழக்குக்குப் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு கெடு. “அடுத்த பேட்சில் ஆற்றல் வந்துவிடும்” என்று அவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தாலும் அந்தக் கெடு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.