வீட்டிலிருந்தே மெடிக்கல் ட்ரான்ஸ்கிரிப்ஷன்: டெபாசிட் கட்டும் முன் படியுங்கள்

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. பிள்ளைகள் கேம்ஸ் விளையாடுகிறார்கள், நீங்கள் இ-மெயில் பார்க்கிறீர்கள். "இவ்வளவு பணம் போட்டு வாங்கினோமே, இதை வைத்து வீட்டிலிருந்தபடியே நாலு காசு பார்க்க முடியாதா?" என்ற கேள்வி அடுத்த மாதமே வந்துவிடும். அப்படிக் கேட்பவர்களின் வாயில் அடிக்கடி வரும் பெயர் மெடிக்கல் ட்ரான்ஸ்கிரிப்ஷன். அதற்கு அடுத்தது மெடிக்கல் பில்லிங்.

2005ல் திருவையாறு பக்கத்தில் இருக்கும் என் சித்தப்பா மகனும் இதைத்தான் கேட்டான். சம்பா நெல் விற்று வந்த பணத்தில் 40 ஆயிரம் ரூபாயை ஒரு நிறுவனத்தில் டெபாசிட் கட்டினான். பதிலுக்கு ஒரு சி.டி.யும் ஒரு ஹெட்போனும் நாலு பக்க ஒப்பந்தமும் கிடைத்தன. அவன் அனுப்பிய முதல் பத்து பைல்களும் "தரம் போதாது" என்று திரும்பி வந்தன. நாலாவது மாதம் அந்த நிறுவனத்தில் போன் எடுக்க ஆளில்லை. அன்று அவனுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டிய விஷயங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இது என்ன வேலை?

அமெரிக்காவில் டாக்டர் நோயாளியைப் பார்த்து முடித்ததும், என்ன நோய், என்ன மருந்து, என்ன அறுவை சிகிச்சை என்பதை வாயால் சொல்லிப் பதிவு செய்வார். அந்த ஒலி பைலைக் கேட்டு, பிழையில்லாத ஆங்கிலத்தில் டைப் செய்து தருவதுதான் மெடிக்கல் ட்ரான்ஸ்கிரிப்ஷன். 1990களின் இரண்டாம் பாதியில் இந்த வேலை பெங்களூருக்கும் சென்னைக்கும் பெரிய அளவில் வரத் தொடங்கியது.

வந்ததற்கு ஒரு காரணம் கடிகாரம். நியூயார்க்கில் மாலை 6 மணி என்றால், குளிர்காலக் கணக்கில் நமக்கு மறுநாள் விடியற்காலை 4.30. டாக்டர் வீட்டுக்குப் போய்த் தூங்குகிற நேரம் முழுக்க நமக்குப் பகல். அவர் மறுநாள் காலை 8 மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வரும்போது நமக்கு மாலை 6.30. அதற்குள் வேலையை முடித்து அனுப்பிவிடலாம்.

டைப்பிங் தெரிந்தால் போதுமா?

போதாது. டாக்டர் "இலியம்" என்கிறார். அது சிறுகுடலின் கடைசிப் பகுதியா, இடுப்பு எலும்பா? ஆங்கிலத்தில் இரண்டுக்கும் உச்சரிப்பு ஒன்றுதான், ஸ்பெல்லிங்கில் ஒரே ஒரு எழுத்து வித்தியாசம். முன்னும் பின்னும் என்ன பேசுகிறார் என்று புரிந்தால்தான் சரியாக எழுத முடியும். "ஹைப்பர் டென்ஷன்" என்றால் ரத்த அழுத்தம் அதிகம், "ஹைப்போ டென்ஷன்" என்றால் குறைவு. மருந்தின் அளவு "ஃபிஃப்டீன்" மில்லிகிராமா, "ஃபிஃப்டி" மில்லிகிராமா? நீங்கள் தவறாக எழுதினால் நோயாளிக்கு மூன்று மடங்குக்கு மேல் மருந்து போய்விடலாம்.

ஆகவே காதில் விழாத வார்த்தையை ஊகித்து எழுதக் கூடாது. அந்த இடத்தைக் காலியாக விட்டு, எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது விநாடி என்று குறித்து அனுப்ப வேண்டும். இந்தத் தொழிலின் முதல் பாடம் இதுதான்.

வருமானத்தை நீங்களே கணக்கிடுங்கள்

சம்பளம் பெரும்பாலும் வரிக் கணக்கில்தான். ஒரு வரி என்பது திரையில் தெரியும் வரி அல்ல. இடைவெளியும் சேர்த்து 65 எழுத்துக்கள். டாக்டர் ஒரு நிமிடத்துக்கு 130 வார்த்தை பேசுகிறார், ஒரு வார்த்தைக்கு இடைவெளியோடு 6 எழுத்து என்று வைத்துக்கொண்டால் 780 எழுத்துக்கள், அதாவது 12 வரிகள்.

புதியவருக்கு ஒரு நிமிட ஒலியை டைப் செய்து சரிபார்க்க எட்டு நிமிடமாகிறது என்று கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 90 வரி முடியும். வரிக்கு ஒரு ரூபாய் தருவதாக வைத்தால் தினம் ஐந்து மணி நேரத்துக்கு 450 ரூபாய். மாதம் 25 நாள் வேலை செய்தால் 11,250 ரூபாய். அதுவும் தினமும் வேலை வந்தால், எல்லா பைலும் தரச் சோதனையில் தேறினால். நன்றாகப் பழகி நாலு நிமிடத்தில் முடிப்பவருக்கு இது இரண்டு மடங்காகும். உங்களிடம் ஒருவர் "மாதம் 50 ஆயிரம், அனுபவம் தேவையில்லை" என்று சொன்னால், வரிக்கு எவ்வளவு, தினம் எத்தனை வரி என்று இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இன்றைக்கு நிலைமை என்ன?

இங்கே உண்மையைச் சொல்லிவிட வேண்டும். 2005ல் இருந்த தொழில் இன்று அப்படியே இல்லை. 2009ல் அமெரிக்கா கொண்டுவந்த ஹைடெக் சட்டம், ஆஸ்பத்திரிகளை எலக்ட்ரானிக் பதிவேடுகளுக்கு மாற்ற ஊக்கத்தொகை தந்தது. டாக்டர்களே திரையில் பதிவு செய்வது பெருகியது. பேச்சை எழுத்தாக்கும் சாப்ட்வேர்கள் வளர்ந்தன. இந்தத் துறையில் பெரிய பெயரான நுவான்ஸ் நிறுவனத்தை மைக்ரோசாப்ட் 2022ல் வாங்கிக்கொண்டது. இப்போது டாக்டரும் நோயாளியும் பேசுவதைக் கேட்டு, தானே குறிப்பு எழுதும் சாப்ட்வேர்கள் வந்துவிட்டன.

இதனால் முதலிலிருந்து டைப் செய்யும் வேலை குறைந்துவிட்டது. சாப்ட்வேர் எழுதியதை ஒலியோடு ஒப்பிட்டுத் திருத்துவது இன்னும் இருக்கிறது. ஆனால் மேலே சொன்ன "இலியம்" குழப்பம் சாப்ட்வேருக்கும் உண்டு என்பதால், திருத்துபவருக்கு மருத்துவ அறிவு அதிகம் வேண்டும். டைப்பிங் மட்டும் தெரிந்த புதியவர் நுழைந்த பழைய வாசல் இப்போது குறுகிவிட்டது.

பில்லிங் எப்படி?

அமெரிக்காவில் சிகிச்சைப் பணத்தில் பெரும்பகுதி இன்சூரன்ஸ் நிறுவனங்களிடமிருந்து வருகிறது. நோயாளியின் விவரம், நோயின் குறியீடு, செய்த சிகிச்சையின் குறியீடு மூன்றையும் சேர்த்துக் கோரிக்கை அனுப்ப வேண்டும். நோய்க்கு ஐ.சி.டி-10 குறியீடுகள். அமெரிக்காவில் இவை 2015 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. சாதாரண உயர் ரத்த அழுத்தம் என்றால் "ஐ10". சிகிச்சைக்கு சி.பி.டி. என்ற ஐந்து இலக்கக் குறியீடுகள். ஏற்கனவே வந்துபோகும் நோயாளியை டாக்டர் பார்ப்பதற்கான ஒரு குறியீடு 99213. குறியீடுகள் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் கோரிக்கை நிராகரிக்கப்படும். டாக்டருக்குப் பணம் வராது. முதியோருக்கான மெடிகேர் திட்டத்தில், சிகிச்சை நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் கோரிக்கை போகாவிட்டால் பொதுவாக அந்தப் பணம் போனதுதான்.

விவரங்களைப் பதிவது, வந்த பணத்தை வரவு வைப்பது ஆகியவற்றைப் பகலில் செய்யலாம். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குப் போன் செய்து பாக்கியைக் கேட்கும் வேலை மட்டும் அவர்களுடைய பகல் நேரத்தில், அதாவது நம்முடைய இரவில்தான் நடக்கும். வீட்டில் கைக்குழந்தையோ முதியவர்களோ இருந்தால் இதை யோசித்து முடிவு செய்யுங்கள்.

கடைமடைக்கு எவ்வளவு வரும்?

டெல்டாக்காரர்களுக்கு ஒன்றை விளக்கவே வேண்டாம். மேட்டூரில் ஜூன் 12ல் தண்ணீர் திறந்தாலும், கல்லணையில் பிரிந்து ஆறு, வாய்க்கால், கிளை வாய்க்கால் என்று போய், கடைமடைக்கு வரும்போது எவ்வளவு மிச்சம் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த வேலையும் அப்படித்தான் வருகிறது. ஆஸ்பத்திரி ஒருவரிடம் தரும், அவர் இன்னொருவரிடம் தருவார், அவர் வேறொருவரிடம். வீட்டில் உட்கார்ந்திருப்பவர் கடைமடை.

2003ல் நடந்ததைக் கேளுங்கள். சான்பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் டிக்டேஷன்கள் இப்படிக் கை மாறி மாறி, கடைசியில் பாகிஸ்தானின் கராச்சியில் ஒரு பெண்ணிடம் போய்ச் சேர்ந்தன. தன் கூலி வரவில்லை என்று அவர் நேராக ஆஸ்பத்திரிக்கே இ-மெயில் அனுப்பினார். பணம் வராவிட்டால் நோயாளிகளின் பதிவுகளை இண்டர்நெட்டில் போட்டுவிடுவேன் என்றார். தங்கள் வேலை கராச்சி வரை போனது ஆஸ்பத்திரிக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் மிரட்டியது தவறு. ஆனால் கூலி வராததும் உண்மை. உங்களுக்கு வேலை தருபவருக்கு யார் வேலை தருகிறார் என்று கேளுங்கள். பதில் சொல்ல மறுத்தால் விலகிவிடுங்கள்.

நோயாளி விவரம் ரகசியம்

1996ல் வந்த ஹிப்பா என்ற அமெரிக்கச் சட்டம் நோயாளியின் விவரங்களைப் பாதுகாக்கச் சொல்கிறது. அதன்படி உங்களிடம் பாதுகாப்பு ஒப்பந்தம் கேட்பார்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியவை:

1. வேலைக்கென்று தனி யூசர் அக்கவுண்ட், தனி பாஸ்வேர்டு. பிள்ளைகள் கேம்ஸ் ஆடும் அக்கவுண்டில் இந்த பைல்கள் இருக்கக் கூடாது.

2. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 வைத்துக்கொள்ளுங்கள், அப்டேட்களைத் தள்ளிப்போடாதீர்கள்.

3. பைலை பென்டிரைவிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பாதீர்கள். நிறுவனம் தரும் பாதுகாப்பான வழியில் மட்டும் அனுப்புங்கள்.

4. யு.பி.எஸ்., முடிந்தால் இன்வெர்ட்டர், இரண்டாவதாக ஒரு மொபைல் இண்டர்நெட். 2018 நவம்பர் 16ல் கஜா புயல் கரையைக் கடந்தபோது பட்டுக்கோட்டை, வேதாரண்யம் பக்கம் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. புயல் வந்தால் பைலை யாரிடம் திருப்பி ஒப்படைப்பது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

பணம் போடாமல் சோதித்துப் பாருங்கள்

உங்களுக்கு இது ஒத்துவருமா என்று அறிய டெபாசிட் தேவையில்லை. எக்ஸ்பிரஸ் ஸ்கிரைப் என்ற சாப்ட்வேரில் ஒரு ஆங்கில மருத்துவச் சொற்பொழிவை ஓட விடுங்கள். எஃப்9 அழுத்தினால் ஓடும், எஃப்4 நிறுத்தும், எஃப்7 பின்னால் கொண்டுபோகும். பழகிய பிறகு கால் பெடல் வாங்கலாம். வேர்டில் பைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் என்று போய், அடிக்கடி வரும் நீளமான சொற்களுக்குச் சுருக்கம் கொடுத்து வையுங்கள். மூன்று எழுத்து அடித்தால் முழுச் சொல்லும் வந்துவிடும். சொற்களின் பொருளுக்கு அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் மெட்லைன் பிளஸ் தளம் இலவசம். தினம் ஒரு மணி நேரம், ஒரு மாதம் செய்யுங்கள். ஒரு நிமிட ஒலிக்கு எத்தனை நிமிடம் ஆகிறது, எத்தனை பிழை வருகிறது என்று நோட்டில் எழுதி வாருங்கள். பிழை குறைந்துகொண்டே வந்தால் மேலே போகலாம்.

அடுத்த படி, ஓரிரு வருடம் ஒரு நிறுவனத்தில் வேலை பார்ப்பது. மெடிக்கல் பில்லிங் நிறுவனங்களுக்குச் சென்னையில் மட்டுமல்ல, திருச்சியிலும் அலுவலகங்கள் உண்டு. தஞ்சாவூரிலேயே 2024 செப்டம்பரில் மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. கிராமத்துக்கே வேலை வந்ததும் உண்டு: சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் வளர்ந்த தேசிக்ரூ நிறுவனம், திருவாரூர் மாவட்டம் கொல்லுமாங்குடியில் மையம் அமைத்து, டேட்டா வேலைகளை அந்தப் பகுதி இளைஞர்களுக்குக் கொடுத்தது. நிறுவனத்தில் வேலை தெரிந்துகொண்டவர் பிறகு வீட்டிலிருந்து செய்வது எளிது. தனித் தொழிலாகத் தொடங்கும்போது உத்யம் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். பதிவு பெற்ற சிறு தொழிலுக்கு இந்திய நிறுவனம் பாக்கி வைத்தால் 45 நாளுக்குள் தர வேண்டும் என்று 2006ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

ஏமாற்றுக்காரர்களை அடையாளம் காண

வேலை தர உங்களிடமே பணம் கேட்பது முதல் அடையாளம். "தரம் குறைந்தால் அபராதம்" என்று ஒப்பந்தத்தில் எழுதி, பிறகு வக்கீல் நோட்டீஸ் என்று மிரட்டுவது இரண்டாவது. பயந்து பணம் கட்டாதீர்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் சொல்லுங்கள். வந்த மெசேஜ்கள், பணம் கட்டிய ரசீது எதையும் அழிக்காதீர்கள்.

என் சித்தப்பா மகனுக்கு அந்த 40 ஆயிரம் திரும்பி வரவில்லை. ஆனால் அந்த நாலு மாதத்தில் அவனுக்கு டைப்பிங் வந்தது, கம்ப்யூட்டர் பயம் போனது. பிறகு திருச்சியில் ஒரு பில்லிங் அலுவலகத்தில் சம்பளத்துக்குச் சேர்ந்தான். அதற்கு அவன் யாருக்கும் ஒரு ரூபாய் கூட டெபாசிட் கட்டவில்லை.