கறை பட்ட சரக்கும் கைக்குத் திரும்பும் முதலும்

பெருநாள் வியாபாரம் முடிந்து இருப்பைக் கணக்கெடுக்கும்போது எங்கள் புடவைக் கடையில் ஒரு தனிக் குவியல் சேரும். போட்டுப் பார்த்தவர்களின் வியர்வை பட்ட கொலர், பில் எழுதும் பேனையின் மை, தையல் இயந்திரத்து எண்ணெய், இரும்பு இறாக்கையின் துரு என்று ஒவ்வொன்றிலும் ஒரு கறை இருக்கும். பலர் இவற்றை அப்படியே பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

கணக்குப் பாருங்கள். 1500 ரூபாவுக்கு வாங்கிய சேட்டை 750 ரூபாவுக்குக் கொடுத்தால், 20 சேட்டுகளில் 15,000 ரூபா முதலிலேயே போய்விடுகிறது. இவற்றில் பாதியை வீட்டிலேயே சுத்தம் செய்து வாங்கிய விலைக்குக் கொடுத்தாலும் 7500 ரூபா கைக்குத் திரும்பும். அதனால் நான் அந்தக் குவியலை வீட்டுக்குக் கொண்டு போகிறேன்.

முதலில் மூன்று விடயங்களைக் கவனிக்க வேண்டும். கறை போகும்வரை சுடுநீரும் இஸ்திரிக்கை பெட்டியும் படக்கூடாது. சூடு கறையை நிலைக்கச் செய்துவிடும். எந்த மருந்தையும் உள்தையலில் ஒரு சொட்டு விட்டு, சாயம் போகிறதா என்று பார்த்த பின்பே பாவிக்க வேண்டும். கறையைத் தேய்க்காமல், ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி எடுக்க வேண்டும்.

எண்ணெய்க் கறைக்குத் தண்ணீர் படுமுன் முகப் பவுடரைத் தூவி, அது எண்ணெயை உறிஞ்சியதும் தட்டிவிட்டு, பாத்திரம் கழுவும் திரவத்தால் கழுவுங்கள். பேனை மைக்கு அடியில் வெள்ளைத் துணியை வைத்து, பாமசியில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் ஒற்றுங்கள். அருகில் நெருப்பு இருக்கக்கூடாது. வெள்ளைப் பருத்தியில் உள்ள துருவுக்குத் தேசிக்காய்ச் சாறும் உப்பும் இட்டு வெயிலில் வைத்து அலசுங்கள். ஊசி குத்திப் பட்ட இரத்தத்துக்குக் குளிர்ந்த நீர் போதும்.

மஞ்சளேறிய வெள்ளைக் கொலருக்கு 3 வீத ஐதரசன் பெரொட்சைட்டில் அப்பச்சோடாவைக் குழைத்துப் பூசி, அரை மணி நேரம் கழித்துக் கழுவலாம். கறுப்பு அபாயாவிலும் நிறத் துணியிலும் இதனைத் தொடவே வேண்டாம். கடையிலேயே பகல் சாப்பாடு உண்ணும் நமக்குக் கறிக் கறையும் புதிதல்ல. மஞ்சள் கறை சவர்க்காரம் பட்டதும் சிவக்கும், பயப்பட வேண்டியதில்லை. எண்ணெயைக் கழுவிய பின் வெயிலில் காயவிட்டால் நிறம் மங்கிவிடும்.

குளோரின் ப்ளீச்சை எல்லாவற்றுக்கும் மருந்தாக எண்ணுவோர் உண்டு. அது துருவை மேலும் நிலைக்கச் செய்யும், வியர்வைக் கறையைக் கூடுதலாக மஞ்சளாக்கும், பட்டையும் கம்பளியையும் கெடுக்கும். அதனைத் தேசிக்காயுடனோ வினாகிரியுடனோ ஒருபோதும் கலக்காதீர்கள். வெளிவரும் நச்சு வாயு உயிருக்கே ஆபத்தானது.

கடைசியாக ஒன்று. கழுவிய துணி புதுத்துணி அல்ல. அதன் பசையும் மடிப்பும் போயிருக்கும். அதனைப் புதுச் சரக்கோடு கலந்து வைப்பது வாடிக்கையாளரை ஏமாற்றுவதாகும். நான் தனி இறாக்கையில் வைத்து, காரணத்தைச் சொல்லி, விலையைக் குறைத்தே கொடுக்கிறேன். உண்மையைச் சொன்னதற்காக வாங்காமல் போனவர்கள் சிலர்தான். அவர்களும் அடுத்த பெருநாளுக்கு என் கடைக்கே வருகிறார்கள்.