ஏறிய கியரிலேயே இறங்குவோம்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு 64 கிலோமீட்டர். மாநில நெடுஞ்சாலை 78. ஆழியாறு தாண்டியதும் மலை. 40 கொண்டை ஊசி வளைவுகள். கிளம்புமுன் ஒரு டீ குடித்துக்கொண்டே இந்தச் சாலையைக் கொஞ்சம் புரிந்துகொள்வோம்.

லாரியில் பேரல் ஏற்றுகிறவர்கள் பலகையைச் சாய்த்து வைப்பார்கள். பலகை நீள நீள, தள்ளுவது சுலபம். மலைக்கு நேராக அவ்வளவு நீளப் பலகை போட இடமில்லை. அதனால் வேட்டியை மடிப்பதுபோலச் சாலையை மடித்து மடித்து வைக்கிறோம். அந்த மடிப்புதான் கொண்டை ஊசி வளைவு. மலைச் சாலைக்குப் பொது அளவு, 20 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏற்றம். வளைவில் அதில் பாதிதான், 40 மீட்டருக்கு 1.

ஏறும்போது எல்லோரும் பயப்படுகிறோம். இறங்கும்போது நிம்மதியாகி, டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விட்டுவிடுகிறோம். தவறு இங்கேதான் நடக்கிறது.

ஏறும்போது இன்ஜின் கொடுத்த உழைப்பெல்லாம் வண்டிக்குள் உயரமாகச் சேர்ந்திருக்கிறது. இறங்கும்போது அது எங்கேயாவது வெளியேறியாக வேண்டும். பிரேக் மட்டும் பிடித்தால் அத்தனையும் சூடாக மாறும். ஒரு டன் கார் 700 மீட்டர் உயரம் இறங்கினால், அந்தச் சூட்டில் ஒரு பெரிய குடம் தண்ணீர், சுமார் 20 லிட்டர், கொதித்துவிடும். இதைச் சக்கரத்துக்குள் இருக்கும் சின்னத் தகடுகள் தாங்க வேண்டும். சூடு மீறினால் பிரேக்கின் பிடி தளரும். பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டால், மிதித்த கால் சும்மா உள்ளே போகும்.

கியரில் இருந்தால் அந்தச் சுமையை இன்ஜினும் பங்குபோட்டுக்கொள்ளும். ஊசியில்லாத சிரிஞ்சின் வாயை விரலால் மூடிக்கொண்டு தண்டை இழுத்துப் பாருங்கள், கை தயங்கும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த பெட்ரோல் இன்ஜினுக்குள் நடப்பது ஏறக்குறைய அதுதான். முதல் கியரோ இரண்டாவது கியரோ, எதில் ஏறினோமோ அதிலேயே இறங்குவது என்பது மலை டிரைவர்களின் பழைய பாடம்.

சரி, டீசல் மிச்சமாகாதா? இன்றைய வண்டிகளில் கியரில் இறங்கும்போது சக்கரமே இன்ஜினைச் சுற்றுகிறது. எரிபொருள் வரத்து நின்றுவிடும். நியூட்ரலில்தான், இன்ஜின் அணையாமலிருக்க எரிபொருளைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஆபத்தையும் வாங்கி, அதற்குக் காசும் கொடுக்கிறோம்.

எதிரே ஏறி வரும் வண்டிக்கு முதலில் வழி விடுங்கள். கருகல் வாசம் வந்தால் அகலமான இடம் பார்த்து நிறுத்துங்கள். அப்படி நிறுத்த 9ஆவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை இருக்கிறது. சக்கரத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். தானாக ஆறட்டும், அரை மணி நேரம் ஆனாலும் சரி.