சிலுவை உணர்த்தும் பொருள்

ஆலயக் கோபுரத்திலும், கல்லறையின் தலைமாட்டிலும், சிறுமியரின் கழுத்துச் சங்கிலியிலும் சிலுவையை நாம் காண்கின்றோம். கண்ணுக்குப் பழகிப்போன காரணத்தால், அது ஆதியில் யாதாக இருந்தது என்பதை மறந்துவிடுகின்றோம். உரோமராட்சியில் சிலுவை ஒரு கொலைக்கருவி. அடிமைகளையும் கலகக்காரரையும் ஊரறிய அவமானப்படுத்திக் கொல்வதற்கென்றே அது நாட்டப்பட்டது. அவ்விழிவுச் சின்னம் அன்பின் சின்னமாக மாறியமையே கிறிஸ்தவ சமயத்தின் உயிர்நாடி எனலாம்.

‘சிலுவை’ என்னும் சொல் சுரியானி மொழியின் வழியாகத் தமிழுக்கு வந்தது. ‘குருசு’ என்பது போர்த்துக்கேயர் தந்த சொல். ஆயினும் போர்த்துக்கேயர் வருமுன்னரே சிலுவை ஈழநாட்டை எட்டிவிட்டது. 1912-ஆம் ஆண்டில் அநுராதபுரத்தில் கண்டெடுக்கப்பட்ட கற்சிலுவை அதற்குச் சான்று.

மாத்தளை மாவட்டத்திற்கும் இவ்வகையில் ஒரு வரலாறு உண்டு. கலேவெலைக்கு அண்மையிலுள்ள வஹாக்கோட்டை, கண்டியரசன் சிறைப்பிடித்த போர்த்துக்கேயரின் சந்ததியார் குடியிருந்த ஊர் என்பது வழிவழி வந்த கூற்று. அங்குள்ள புனித அந்தோனியார் ஆலயத்தை நாடி யாத்திரிகர் பலர் செல்வர். மாத்தளை அடங்கிய அக்கண்டியரசில் கத்தோலிக்க சமயத்தை மீண்டும் தழைக்கச் செய்தவர் யோசேவாஸ் அடிகளார். கோவாவிற் பிறந்த அவர், ஒல்லாந்தர் குருமாருக்குத் தடைவிதித்திருந்த 1687-ஆம் ஆண்டில், ஏழைத் தொழிலாளியின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தார். 1692-இல் கண்டிக்குச் சென்றபோது ஒற்றரெனச் சந்தேகிக்கப்பட்டுச் சிறையிலிடப்பட்டார். 1697-இல் கண்டியில் வைசூரி பரவியது. உற்றாரும் அஞ்சிக் கைவிட்ட நோயாளரைச் சமயபேதம் பாராது அவர் பேணினார், புண்களைக் கழுவினார், இறந்தோரைத் தம் கைகளாலேயே அடக்கஞ்செய்தார். 2015-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆந் திகதி, கொழும்பு காலிமுகத்திடலில் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார்.

இதே மாவட்டத்தில் வேறொரு பாரத்தின் கதையும் உண்டு. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர், மன்னார்க் கரையில் இறங்கி, நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டுவழியை நடந்தே கடந்து மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியில் மடிந்தோர் பலர். 1854-ஆம் ஆண்டளவில் தொடங்கிய ‘தமிழ்க் கூலி மிஷன்’ வாயிலாக, திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள் தோட்டந்தோறும் நடந்து சிலுவையின் செய்தியைக் கூறினர். அத்தொழிலாளரின் வழித்தோன்றல்களிற் பெரும்பாலோர் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமையற்றோராயினர். 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே அக்குறை பெரிதும் நீங்கிற்று.

இங்கே ஒரு கேள்வி எழுகின்றது. அடிகளார் சுமந்ததும் சிலுவை, தொழிலாளர் சுமந்ததும் சிலுவை என ஒரே சொல்லால் கூறிவிடலாமா? துன்பப்படுவோரை நோக்கி, “இது உன் சிலுவை, பொறுத்துக்கொள்” என்று கூறுவது எளிது. ஆனால் அது சிலுவையின் பொருளன்று. இயேசுநாதர் தாமே மனமுவந்து பாடுகளை ஏற்றார் என்கிறது வேதாகமம். யோசேவாஸ் அடிகளாரும் விரும்பியே நோயாளரிடஞ் சென்றார். கூலியின் தலையில் ஏற்றப்பட்ட பாரமோ அவன் விரும்பி எடுத்ததன்று, பிறர் சுமத்தியது. அதனைச் சிலுவை என்று போற்றுவது, சுமத்தியவரின் குற்றத்தை மறைப்பதாகும்.

கல்வாரிப் பாதையில் சிரேனே ஊரானாகிய சீமோன் என்பவன் வருகின்றான். வயலிலிருந்து வந்துகொண்டிருந்த அவனைச் சேவகர் பிடித்து, இயேசுவின் சிலுவையைச் சுமக்கச் செய்தனர். இன்னொருவருக்கு வந்த சுமையின் கீழ்த் தன் தோளைக் கொடுத்தவன் அவன். நமக்கு விதிக்கப்பட்ட பணியும் அதுவே. அயலவன் அநீதியால் வருந்தினால், பொறுமையைப் போதிப்பதற்கு முன் நம் தோளைக் கொடுத்தல் வேண்டும்.

இஃது அரிய செயலன்று. நோயுற்ற மூதாட்டியின் அருகில் இரவெல்லாம் விழித்திருக்கும் மருமகளும், பாடம் விளங்காத தோழனுக்குத் தன் விளையாட்டு நேரத்தை ஈயும் மாணவனும், கூலி குறைக்கப்பட்ட ஏழைக்காகத் துணிந்து பேசும் எழுத்தரும் சிலுவையின் பொருளை அறிந்தவர்களே. கழுத்தில் அதனை அணிந்திருப்போர், தோளிலும் அதற்கு இடங்கொடுப்பார்களாக.