ராக் பாடகர் மறைந்த நாளும் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கும்

2016-ஆம் ஆண்டு ஜனவரி 11, திங்கட்கிழமை. லண்டனில் காலை ஏழு மணி இருக்கும். டீ போட்டுக்கொண்டே மொபைல் போனில் செய்திகளைப் பார்த்தேன். ராக் பாடகர் டேவிட் போவி இறந்துவிட்டார் என்று அவருடைய பேஸ்புக் பக்கத்தில் அறிவிப்பு வந்திருந்தது. முதலில் நான் நம்பவில்லை. யாரோ பாஸ்வேர்டைத் திருடிப் புரளி கிளப்புகிறார்கள் என்றே நினைத்தேன். என்னைப் போல் பலரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். சற்று நேரத்தில் அவருடைய மகன், சினிமா டைரக்டர் டங்கன் ஜோன்ஸ், செய்தி உண்மைதான் என்று ட்விட்டரில் எழுதினார்.

நம்பாததற்குக் காரணம் இருந்தது. மூன்று நாட்களுக்கு முன்னால், ஜனவரி 8 அன்று, போவியின் 69-ஆவது பிறந்த நாள். அன்றுதான் 'பிளாக்ஸ்டார்' என்ற புதிய ஆல்பம் வெளியாகி இருந்தது. பதினெட்டு மாதங்களாக அவர் புற்றுநோயுடன் போராடியது நெருங்கிய சிலரைத் தவிர யாருக்கும் தெரியாது. முதல் நாள் வெளியான 'லாசரஸ்' பாடலின் வீடியோவில், கண்களில் கட்டுடன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தார். அதை நடிப்பு என்று பார்த்துவிட்டு நகர்ந்தவர்கள், திங்கட்கிழமை மீண்டும் போட்டுப் பார்த்து அதிர்ந்து போனார்கள். ரசிகர்களுக்கு விட்டுச்செல்லும் பிரிவுப் பரிசாகவே இதை அவர் செய்தார் என்று, தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி பின்னர் தெரிவித்தார்.

கம்ப்யூட்டர் பத்திரிகையில் பாடகருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். போவியைப் பொறுத்தவரை நிறைய வேலை இருக்கிறது.

மோடம் காலத்துப் பாடகர்

1996-இல் 'டெல்லிங் லைஸ்' என்ற பாடலை இணையத்திலிருந்து டவுன்லோட் செய்யும் பைலாக அவர் வெளியிட்டார். அப்போது பலரிடம் இருந்தது 28.8 கேபிபிஎஸ் மோடம். அதில் 3 எம்பி பைல் ஒன்று வந்து சேரக் கால் மணி நேரம் ஆகும். நடுவில் வீட்டில் யாராவது டெலிபோனை எடுத்தால் மீண்டும் முதலில் இருந்து தொடங்க வேண்டும்! அதற்கும் முன்பே, 'அவுட்சைட்' ஆல்பத்தின் காலத்தில், 'வெர்பசைசர்' என்ற மேக் கம்ப்யூட்டர் புரோகிராமைத் தன் தேவைக்காக உருவாக்கச் செய்திருந்தார். வாக்கியங்களைக் கொடுத்தால், சொற்களைக் கலைத்துப் புதிய வரிசையில் தரும். அதிலிருந்து பாடல் வரிகளைப் பொறுக்கி எடுப்பார்.

1998 செப்டம்பரில் 'போவிநெட்' என்ற பெயரில் அமெரிக்காவில் இணைய இணைப்புச் சேவையையே தொடங்கினார். மாதம் 19.95 டாலர் கட்டினால் டயல்அப் இணைப்பும், போவியின் பெயர் தாங்கிய ஈமெயில் முகவரியும் கிடைத்தன. வேறு நிறுவனத்தின் இணைப்பு வைத்திருப்பவர்கள் தனிச் சந்தா கட்டிச் சேரலாம். போவியே 'செய்லர்' என்ற பெயரில் அவ்வப்போது உள்ளே வந்து ரசிகர்களுடன் பேசுவார். 1999-இல் குவான்டிக் ட்ரீம் உருவாக்கிய 'ஆமிக்ரான்' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில் குரல் கொடுத்து நடித்தும் இருக்கிறார். அதே ஆண்டு பிபிசி பேட்டி ஒன்றில், இணையம் வெறும் கருவிதானே என்று ஜெரமி பாக்ஸ்மன் கேட்டபோது அதை மறுத்தார். நன்மையிலும் தீமையிலும் அது சமூகத்தைக் கற்பனைக்கு எட்டாத அளவுக்கு மாற்றும் என்றார். இன்று அந்தப் பேட்டியைப் பார்ப்பவர்களுக்கு வியப்பாக இருக்கும்.

பிரிக்ஸ்டனில் அன்று மாலை

போவி பிறந்தது தெற்கு லண்டனில் உள்ள பிரிக்ஸ்டனில். நான் குடியிருப்பதும் அதற்குப் பக்கத்தில்தான். அன்று மாலை வேலை முடிந்து அங்கே போனேன். பாதாள ரயில் நிலையத்துக்கு எதிரே, ஜேம்ஸ் காக்ரன் என்ற ஓவியர் 2013-இல் சுவரில் வரைந்த போவியின் பெரிய முகம் இருக்கிறது. அதன் கீழே பூக்கள், மெழுகுவத்திகள், கையால் எழுதிய கடிதங்கள் குவிந்திருந்தன. ரிட்ஸி சினிமா தியேட்டர் முகப்பில் படத்தின் பெயர் வைக்கும் இடத்தில், 'எங்கள் பிரிக்ஸ்டன் பையன்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுத்துகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அதன் முன்னால் நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவரை ஒருவர் தெரியாது. ஆனால் எல்லோருக்கும் எல்லாப் பாட்டும் தெரிந்திருந்தது.

அந்தக் கூட்டத்தில் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வசிக்கும் ஆங்கிலேய அம்மாவைப் பார்த்தேன். அறுபது வயதைக் கடந்தவர். ஓய்வு நேரத்தில் அக்கம்பக்கத்தார் கம்ப்யூட்டர்களைச் சரி செய்து தருபவன் என்ற முறையில் என்னை நன்றாகத் தெரியும். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு விஷயம் சொன்னார்.

1999-இல் போவிநெட்டில் சேர்ந்தாராம். அங்கே கனடாவைச் சேர்ந்த பெண்மணி ஒருவர் தோழியானார். ஒரே ஒரு முறைதான் நேரில் சந்தித்திருக்கிறார்கள், மற்றதெல்லாம் ஈமெயில். 2009-இல் அந்தத் தோழி இறந்துவிட்டார். "காலையில் செய்தி கேட்டதும் முதலில் அவளிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அப்புறம்தான் அவள் இல்லை என்பதே நினைவுக்கு வந்தது" என்றார். அவருடைய கடிதங்கள் எல்லாம் மாடிப்படிக்குக் கீழே கிடக்கும் பழைய விண்டோஸ் 98 கம்ப்யூட்டரில் இருக்கின்றன, எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே கம்ப்யூட்டரைக் காட்டி, "எதற்கு இடத்தை அடைத்துக்கொண்டு இருக்கிறது, தூக்கிப் போட்டுவிடுங்கள்" என்று சொன்னவன் நான்தான்.

நான் செய்த தவறு

அன்று இரவே கம்ப்யூட்டரைத் தூசு தட்டி ஸ்விட்சைப் போட்டேன். இதுதான் தவறு. கடைசியாக அதை யாரோ சரியாக ஷட்டவுன் செய்யாமல் விட்டிருக்கிறார்கள். எனவே விண்டோஸ் தானாகவே ஸ்கேன்டிஸ்க் புரோகிராமை இயக்கியது. டிஸ்க்கிலிருந்து டக், டக் என்று சத்தம். பாதியில் எல்லாம் அப்படியே நின்றுவிட்டது.

ஸ்கேன்டிஸ்க் கெட்ட பகுதிகளைப் படித்துப் பார்ப்பதோடு நிற்பதில்லை. பைல் அட்டவணையைத் திருத்தி எழுதவும் செய்யும். சாகக் கிடக்கும் டிஸ்க்கில் எதையும் எழுதக் கூடாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அவசரப்பட்டேன். உடனே மின் இணைப்பைத் துண்டித்து, டிஸ்க்கைத் தனியே கழற்றினேன்.

மறுநாள் ஐடிஇ டிஸ்க்கை யுஎஸ்பி போர்ட்டில் இணைக்கும் அடாப்டர் வாங்கினேன். டிஸ்க்கின் ஜம்பரை மாஸ்டர் நிலையில் வைத்து, லினக்ஸ் ஓடும் லேப்டாப்பில் இணைத்தேன். 'டிடிரெஸ்க்யூ' என்ற இலவச புரோகிராம், முதலில் நல்ல பகுதிகளை எல்லாம் நகல் எடுத்துவிட்டு, பிறகே கெட்ட பகுதிகளுக்கு வந்து திரும்பத் திரும்ப முயற்சி செய்யும். எங்கே நின்றது என்பதைக் குறித்து வைப்பதால், இடையில் நிறுத்தி டிஸ்க்கை ஆறவைத்துத் தொடரலாம். இரண்டு இரவுகள் ஓடவிட்டேன்.

அந்த நகலில் விண்டோஸ் டைரக்டரிக்குள், அப்ளிகேஷன் டேட்டா போல்டரின் உள்ளே, அவுட்லுக் எக்ஸ்பிரஸ் தொகுப்பின் டிபிஎக்ஸ் பைல்கள் இருந்தன. ஒவ்வொரு மெயில் போல்டருக்கும் ஒரு பைல். 'அன்டிபிஎக்ஸ்' என்ற இலவச புரோகிராம் இவற்றைப் பிரித்து, ஒரு கடிதத்துக்கு ஒரு ஈஎம்எல் பைலாகத் தரும். ஈஎம்எல் பைல்களைத் தண்டர்பேர்ட் புரோகிராமில் படிக்கலாம்.

இன்பாக்ஸ் பைல் முழுமையாகக் கிடைத்தது. சென்ட் ஐட்டம்ஸ் பைலில் பெரும்பகுதி போய்விட்டது. டிஸ்க்கின் வயது காரணமா, என் அவசரம் காரணமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஸ்விட்சைப் போடாமல் இருந்திருந்தால் இந்தச் சந்தேகமே எனக்கு இருந்திருக்காது. நடந்ததை மறைக்காமல் அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான் எழுதியது எனக்குத் தெரியும். அவள் எழுதியதுதானே வேண்டும்" என்றார். முதல் கடிதத்தைத் திறந்தோம். மோடம் இணைப்பு அறுந்து அறுந்து போவதைப் பற்றித் தோழி எழுதிய நீண்ட புலம்பல்! படித்து வாய்விட்டுச் சிரித்தவர், அடுத்த கடிதத்தில் அழுதுவிட்டார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

மிஞ்சுவது எது?

போவி விட்டுச் சென்றவை பத்திரமாக இருக்கின்றன. 80,000-க்கு மேற்பட்ட பொருட்கள் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துக்கு வந்து சேர்ந்தன. அவற்றுக்கான டேவிட் போவி மையம் 2025 செப்டம்பரில் திறக்கப்பட்டது. 'பிளாக்ஸ்டார்' ஆல்பத்தின் உறையை வடிவமைத்த ஜோனதன் பார்ன்புரூக், அந்த வடிவங்களை வணிகம் அல்லாத பயன்பாட்டுக்காகக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ரசிகர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார். அந்த இசைத்தட்டின் உறையை விரித்து வெளிச்சத்தில் பிடித்தால் நட்சத்திரக் கூட்டம் தெரிவதை, அவர் இறந்து சில மாதங்கள் கழித்து ரசிகர்களே கண்டுபிடித்தார்கள்.

ஆனால் போவிநெட்டின் இணைப்புச் சேவை 2006-இல் நிறுத்தப்பட்டது. அதன் வழியே நண்பர்களானவர்களின் கடிதங்களை எந்த மியூசியமும் கேட்டு வாங்காது. அவரவர் வீட்டு டிஸ்க்கில் இருந்தால்தான் உண்டு.

நம் வீடுகளிலும் இதே நிலைதான். அப்பா அனுப்பிய மெயில், அக்கா திருமண போட்டோக்கள், குழந்தை பேசிய முதல் வீடியோ என்று பழைய கம்ப்யூட்டரில் எவ்வளவோ இருக்கும். எனவே சில குறிப்புகள்:

1. பழைய கம்ப்யூட்டரைப் பல ஆண்டுகளுக்குப் பின் நேரடியாக இயக்காதீர்கள். டிஸ்க்கைக் கழற்றி அடாப்டர் மூலம் இணைத்து, முதலில் முழு நகல் எடுத்திடுங்கள். எல்லா முயற்சிகளையும் நகலில் மட்டும் செய்து பாருங்கள்.

2. டிஸ்க்கை விண்டோஸ் கம்ப்யூட்டரில் இணைத்தவுடன் 'ஸ்கேன் செய்து சரி செய்யவா', 'பார்மட் செய்யவா' என்று கேட்கலாம். இரண்டுக்கும் வேண்டாம் என்றே கிளிக் செய்திடுங்கள்.

3. டிஸ்க்கிலிருந்து டக், டக் என்று சத்தம் வந்தால் நிறுத்திவிடுங்கள். மிக முக்கியமான தகவல் என்றால் டேட்டா மீட்கும் நிபுணரிடம் கொடுப்பதே நல்லது.

4. மீட்ட கடிதங்களை ஈஎம்எல் போன்ற எளிய வடிவத்தில் வைத்திடுங்கள். ஒரு குறிப்பிட்ட புரோகிராமை நம்பியிருக்கும் பைல்கள், அந்த புரோகிராம் மறையும்போது உதவாது.

5. ஒரே நகலை நம்ப வேண்டாம். இரண்டு வெவ்வேறு டிஸ்க்குகளிலும், வீட்டுக்கு வெளியே ஓரிடத்திலும் இருக்கட்டும். சிடி, டிவிடியில் எழுதி வைத்தவையும் காலப்போக்கில் கெடும்; அவற்றையும் மாற்றிடுங்கள்.

6. ஒருவருடைய பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடச் சொல்வதற்கு முன், அதில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். இது எனக்கு நானே எழுதிக்கொண்ட குறிப்பு.

கீழ்த்தளத்து அம்மா இப்போது ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு பென் டிரைவை என்னிடம் கொடுத்து, அந்தக் கடிதங்களைப் புதிதாக ஒரு நகல் எடுத்துத் தரச் சொல்கிறார். பத்து நிமிட வேலை. உங்கள் வீட்டுப் பரணில் பழைய டிஸ்க் ஏதாவது கிடந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை அதற்குக் கொஞ்ச நேரம் ஒதுக்கிடுங்கள்.